பதினேழாம் எண் கண்ணாடி

"என் பெட்டியில கை வச்சது நீங்கதானே மச்சான்!"

"வச்சேன். இல்லேன்னு சொன்னேனா? எடுத்த இடத்துலயே திருப்பி…"

"திருப்பி வச்சிருந்தா சாயங்காலம் எண்ணும்போது எங்க போச்சாம்? இறக்கை முளைச்சுப் பறந்துருச்சா?"

"என்னைக் கொஞ்சம் பேச விடுங்க மாப்பிள்ளை!"

"முப்பத்துநாலு வருஷமா பேசினது போதாதா?"

கடற்படை விமான அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றிருந்தவர், கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் என் அண்ணன். இருவரும் ஒரே விமானந்தாங்கிக் கப்பலில் விமான மெக்கானிக்குகளாக இருந்தவர்கள்.

"அவர் கை வலிக்கப் போகுது. உள்ள வந்து சண்டை போடுங்க" என்று இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனேன்.

சண்டை ஒரு கண்ணாடியைப் பற்றியது. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி. கம்பி முனையில் வட்டமாகச் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி. இயந்திரத்தின் இண்டு இடுக்கைப் பார்ப்பதற்கு. அந்தக் கப்பலில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு எண், உள்ளே இருக்கிற எல்லாவற்றிலும் அந்த எண் பொறித்திருக்கும். வேலை முடிந்ததும் எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு திருப்புளி குறைந்தாலும் அது கிடைக்கிறவரை எந்த விமானமும் கிளம்பாது. எதன் வயிற்றுக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது?

ஒருநாள் சாயங்காலம் பதினேழாம் எண் பெட்டியில் கண்ணாடியைக் காணோம். இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. பதினேழு என் வீட்டுக்காரருடைய பெட்டி. அவரைக் கப்பலை விட்டு இறக்கிக் கரையில் சாமான் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் அவர் கடலுக்கே போகவில்லை. காலையில் கண்ணாடியை இரவல் வாங்கிய மச்சான் திருப்பி வைக்கவில்லை என்பது இவர் கட்சி. வைத்தேன் என்பது அண்ணன் கட்சி. அன்றிலிருந்து அண்ணன் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அந்தக் கப்பலின் விமானங்களைச் சரிசெய்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இரண்டு பேரும் தனித்தனியாக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் நான் ஒரே தேதியைச் சொன்னேன். அதற்குத்தான் வாசலில் இந்த வரவேற்பு.

உள்ளே போனதும் எனக்குச் சண்டை மறந்துவிட்டது.

"இதென்னங்க, இறக்கையை மடிச்சு வச்சிருக்காங்க?"

"கப்பல்ல இடம் ஏது? குடை மாதிரி மடக்கிடுவோம்."

"வாலுக்கு அடியில கொக்கி தொங்குதே?"

"இறங்கும்போது அது தளத்துல இருக்கிற கம்பியில மாட்டணும்" என்றார் அண்ணன். "மாட்டினா வண்டி நிக்கும்."

"மாட்டலேன்னா?"

"மறுபடி ஒரு சுத்து சுத்தி வரணும்."

"அப்பவும் மாட்டலேன்னா?"

"இவளை எப்படி மாப்பிள்ளை சமாளிக்கிறீங்க?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். உடனே நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

மூக்கில் ஒன்பது என்று எழுதிய விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த விமானங்களைச் சரிசெய்த குழுவில் அவளும் ஒருத்தியாம். ஆள் கிடைத்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒன்பது எங்க மச்சானோட பொறுப்பும்மா. நான் இதுல ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கேன். பைலட்டோட பேனா சீட்டுக்கு அடியில விழுந்துருச்சு. அவங்க அப்பா கொடுத்த பேனா, மனுஷன் தவிச்சுப் போயிட்டார். மூணு பேர் பார்த்துட்டு இல்லவே இல்லேன்னுட்டாங்க. நான் ஏறினேன். ஒரே நிமிஷம்! எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு, அந்தப் பேனாவைச் சட்டையில குத்திக்கிட்டே கரைக்குப் பறந்து போனார்."

சொல்லும்போது வலது கை விரல்களைக் குவித்து, பூட்டில் சாவி திருகுகிற மாதிரி மெல்லத் திருப்பிக் காட்டுவார். நூறு தடவை பார்த்திருக்கிறேன். விருந்தாளி, பக்கத்து வீட்டுக்காரர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் யாரையும் விட்டதில்லை. கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பதக்கம் அந்தக் கதைதான்.

"உள்ள விழுந்ததெல்லாம் எங்ககிட்டயும் இருக்கு ஐயா, வாங்க" என்று அந்தப் பெண் ஒரு கண்ணாடி அலமாரிக்குக் கூட்டிப்போனாள். விமானங்களைப் பிரித்தபோது கிடைத்த சாமான்கள். பல் போன சீப்பு, சட்டைப் பொத்தான், பாதிப் பென்சில், ஒரு பறவை இறகு. நான் ஒவ்வொன்றுக்கும் "இது எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசித் தட்டுக்கு வந்ததும் இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள்.

கம்பி முனையில் வட்டக் கண்ணாடி. பிடியில் 17. கீழே சின்ன அட்டை: 'விமானம் 9, பைலட் இருக்கைக்கு அடியில்.'

அண்ணன் அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"இது காணாமப் போன அன்னிக்கு ஒன்பது மத்தியானமே கரைக்குப் போயிருச்சு. மிச்சம் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டோம். கரையில சொல்லி ஒப்புக்குப் பார்த்திருப்பாங்க…" குரல் இறங்கிவிட்டது. "அந்த வாரம் பூரா இதுல வேலை பார்த்தது நான்தான் மாப்பிள்ளை."

"ம்."

"திருப்பி வச்சது என் கண்ணுக்குள்ள நிக்குது. பெட்டியில இடது ஓரம், துணியில சுத்தி. ஆனா இங்க எதிர்ல இருக்கே, இனி என்ன சொல்ல? நான்தான் விட்டிருக்கேன். உங்களைக் கடலை விட்டு இறக்கினது நான்தான்."

அண்ணன் கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"விடுங்க மச்சான். நடந்தது நடந்து போச்சு. மத்தியானம் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று இவர் தோளைத் தட்டினார். என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அப்பவே நான் என்ன சொன்னேன்?"

எனக்கு அலமாரியை விட்டுக் கண் நகரவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஏம்மா, அந்தச் சீட்டுக்கு அடியில குனிஞ்சு பார்த்தா தெரியாதா?"

"தெரியாதும்மா. பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு. நாங்க சீட்டைக் கழட்டினதாலதான் கிடைச்சுது."

"சீட்டைக் கழட்டாம பார்க்கணும்னா?"

"இதை விட்டுத்தான் பார்க்கணும்." அவள் தன் மேல்சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்தாள். விரல்களைக் குவித்துப் பிடித்து, மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

இவர் கை இன்னும் அண்ணன் தோளிலேயே இருந்தது. தட்டுவது நின்றிருந்தது.

"ஏங்க," என்றேன், "அன்னிக்கு அந்தப் பேனாவை நீங்க எதை விட்டுப் பார்த்து எடுத்தீங்க?"