மஞ்சள் கட்டம்

என் கணவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர்தான். ஆனால் பூச்சு இல்லாத செங்கல் சுவர் ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது. பழைய கிடங்கு ஒன்றை ஃபிளாட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லித் தரகர் எங்களை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போன அன்றே, இவர் விழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்தின் கோடியில் தரையிலிருந்து கூரைவரை ஒரு பெரிய திறப்பு. அந்தக் காலத்தில் மூட்டைகளை ஏற்றி இறக்கிய வாசலாம். இப்போது திறக்க முடியாதபடி ஒரே கண்ணாடியாகப் போட்டு அடைத்திருந்தார்கள். வெளியே இரும்பு உத்தரத்தில் துருப்பிடித்த கப்பி ஒன்று தொங்கியது. கண்ணாடிக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம். வெளியே போக வேண்டிய சரக்கை அதற்குள் கொண்டுவந்து வைப்பார்களாம். அதை அழிக்காமல் மேலே பாலிஷ் போட்டிருந்தார்கள்.

"எல்லாம் ஒரிஜினல் சார், நல்ல வெளிச்சம் வேற. இந்தக் கட்டத்தைப் பார்க்கவே ஆளுங்க வர்றாங்க" என்றார் தரகர்.

"அழிக்கச் சோம்பல் பட்டதுக்கு இவ்வளவு பெருமையா?" என்றேன்.

"கொஞ்சம் ரசிக்கக் கத்துக்கோங்க, ஸ்டோர் மேடம்" என்றார் இவர்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். அதனால் வீட்டிலும் எனக்கு அந்தப் பட்டம். ஒரு வருஷம் வாடகைக்கு இருப்பது, பிடித்தால் வாங்கிக்கொள்வது என்று ஓனரிடம் பேசி முடித்தோம்.

குடிவந்த அன்று நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது. எங்கள் ஸ்டோரில் சரக்கு வந்தால் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியையும் உள்ளங்கையால் தட்டி, "வந்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வேன். வெளியே போகும்போது அதே மாதிரி தட்டி, "போச்சு." கையும் வாயும் சேர்ந்தால் கணக்கு தப்பாது. வருஷக்கணக்கான பழக்கம், லேசில் விடுமா? சாவியோடு முதலில் உள்ளே போய் வாசலில் நின்றுகொண்டு, சாமான் தூக்கி வந்தவர்களை அப்படித்தான் உள்ளே விட்டேன். முக்காலி, வந்தாச்சு. வாளி, வந்தாச்சு. ஸ்டாண்ட் ஃபேன், வந்தாச்சு.

அடுத்து இவர் வந்தார். தோளில் எங்கள் ஆறு வயது மகள். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்காததால் அவளுக்கு வாலு என்று பெயர்.

"எங்களையும் தட்டும்மா!" என்றாள் வாலு.

"அப்பாவும் பொண்ணும் ஒரே உருப்படி" என்று இவர் நெஞ்சில் தட்டி, "வந்தாச்சு" என்றேன். மூவரும் சிரித்தோம். அவர்களுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், கட்டில், கடைசியாக பீரோ.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்கு ஞாபகமும் இருந்தது.

முதலில் காணாமல் போனது முக்காலி. ஒரு நாள் காலை மஞ்சள் கட்டத்துக்குள் நின்றிருந்தது. வாலுவின் வேலை என்று அதட்டினேன். "நான் இல்லம்மா" என்றாள். சாயங்காலம் முக்காலியே இல்லை. கொஞ்ச நாள் கழித்து வாளி. அதுவும் அதே கட்டத்தில், கழுவித் துடைத்து வைத்த மாதிரி நின்றிருந்தது. நான் வாளியைத் துடைக்கிற ரகமில்லை. "யாருக்காவது குடுத்திருப்ப, மறந்திருப்ப" என்றார் இவர். வீட்டில் எது தொலைந்தாலும் பழி என் தலையில்தான்.

அப்புறம் ஃபேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது கட்டத்துக்குள் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். வயரைச் சுருட்டி, கழுத்தில் கட்டி, இறக்கைகள் ஆடாமல் ஒரு துணி கொடுத்து வைத்திருந்தது. வழியில் உடைந்துவிடக் கூடாது என்று நாங்கள் பெட்டிக்குள் வைக்கும் அதே பக்குவம். பால் பொங்கும் வாசனை வந்ததால் அடுப்பை அணைக்கப் போனேன். முதுகுக்குப் பின்னால் கிறீச், கிறீச் என்று கப்பி சுழலும் சத்தம். ஓடி வந்தேன். கட்டம் காலி. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே கப்பி அதே துருவோடு அசையாமல் தொங்கியது.

இவரிடம் சொன்னேன். "புது வீடு, பழகுறவரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். குடிவந்து ஒரு வருஷம் முடியப்போகிறது, இன்னும் புது வீடாம்! ஓனரும் கேட்டுவிட்டார், வாங்குகிறீர்களா, வேறு பார்ட்டிக்குக் காட்டட்டுமா என்று. பத்திரத்தோடு தரகர் புதன்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அந்தப் புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஸ்டோரில் ஏற்றுக்கூலி ஆள் ஒருவர் புதுப் பெட்டியை எடுக்கப் போனார். "அண்ணே, பழசு இருக்கும்போது புதுசை ஏன் தொடுறீங்க? முதல்ல வந்ததுதான் முதல்ல போகணும்" என்று கத்தினேன். மருந்து கெட்டுப்போகாமல் இருக்க நாங்கள் வைத்திருக்கும் விதி. சொல்லி முடிப்பதற்குள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். முக்காலி, வாளி, ஃபேன். அதற்கு அடுத்தது?

பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். பத்திரத்துக்காக இவர் அன்று லீவு. வாலுவும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள்.

இருவரும் மஞ்சள் கட்டத்துக்குள் இருந்தார்கள். இவர் கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தார். தோளில் வாலு, கைகளை மடக்கி, அசையாமல். என் மகள் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு நுனிவரை இறுக்கிக் கட்டியிருந்தது. இவருக்குப் பின்னல் போடத் தெரியாது. எப்போதும் மேல் பட்டன் திறந்தே இருக்கும் இவர் சட்டையில் கழுத்துவரை எல்லாப் பட்டனும் போட்டிருந்தது.

"என்னங்க?"

"ம்."

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"தெரியல. வருவாங்க" என்றார்.

வெளியே கிறீச் என்றது.

எனக்கு வந்த பயத்தில் அவரை அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வாசல்வரை கொண்டுபோனேன். நிலைப்படி அருகே அவர் கால் நகர மறுத்தது. தரை பிடித்து வைத்திருந்த மாதிரி. அப்போதுதான் என் கை தானாக உயர்ந்து அவர் நெஞ்சில் தட்டியது.

"அப்பாவும் பொண்ணும் ஒரே உருப்படி. போச்சு!"

கால் விட்டது. இருவரும் வெளி நடையில் போய் விழுந்தார்கள். வாலு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. இவர் பட்டனைப் பிய்த்துத் திறந்துகொண்டு, "என்னடி ஆச்சு எனக்கு?" என்றார்.

"கீழ போய்ச் சொல்றேன், நடங்க" என்று நானும் காலை வெளியே வைத்தேன். வைத்த கால் கூடத்துக்குள் இருந்தது. நான் கதவைப் பார்த்து, வீட்டுக்குள் நின்றிருந்தேன். மறுபடி வெளியே வந்தேன். மறுபடி உள்ளே. இவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் கையில் என் கை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

படியில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. என் விதி எனக்குத் தெரியாதா? வரவு இல்லாத சரக்குக்குப் பற்று கிடையாது. உள்ளே வந்ததாகச் சொல்லப்படாத ஒன்றை நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. எல்லாவற்றையும் தட்டி உள்ளே விட்டவளை யார் தட்டினார்கள்? தினமும் வேலைக்குப் போனபோது அது தடுக்கவில்லை, சாயங்காலம் திரும்பி வருகிறவள்தானே; இப்போதுதான் ஒரேயடியாகப் போகப் பார்க்கிறேன்.

"வாலு, உள்ள காலை வைக்காதே. கையை மட்டும் நீட்டு" என்று குனிந்தேன்.

என் தலையில் தட்டினாள். "அம்மா வந்தாச்சு." உடனே இன்னொரு தட்டு, "அம்மா போச்சு!"

போகவில்லை. முன்னால் வந்தது நிற்கும்போது பின்னால் வந்தது போகாது. மேசை, ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ, அப்புறம்தான் நான். மறுநாள் இவர் ஆள் கூட்டி வந்து மேசையை வெளியே தூக்க வைத்தார். வாசலைத் தாண்டியதும் அவர்கள் கையில் ஒன்றுமில்லை, மேசை பழைய இடத்தில் நின்றது. தூக்கியவர்கள் கூலியும் வாங்காமல் இறங்கிப் போனார்கள்; ஏற்றுக்கூலி ஆள் சரக்கில்லை, அவர்களை அது தடுக்கவில்லை. எது எப்போது போக வேண்டும் என்று ஸ்டோர்காரியா தீர்மானிக்கிறாள்? கேட்டு வந்தால் எடுத்துக் கொடுப்பாள். கட்டத்துக்கு வருவதுதான் போகும்.

வீட்டை வாங்கினோம். வாங்காமல் என்ன செய்வது? ஓனர் வேறு பார்ட்டிக்கு விற்றால் என்னை என்னவென்று சொல்லி விற்பார்? இவர் நடையில் நின்றபடி, கதவில் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன சார், சொந்த வீட்டு வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள போலாமே" என்று தரகர் காலைத் தூக்கினார்.

"காலை எடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவருக்குப் பேனா கீழே விழுந்தது. நல்ல மனுஷன்தான், பாவம்.

இப்போது அப்பாவும் மகளும் எதிர்த் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். காலையும் மாலையும் இவர் கேரியரை வாசலில் வைத்துவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். செங்கல்லைப் பற்றிப் பேசுவதில்லை. வாலு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் வருவாள். யார் தட்டி உள்ளே வாங்கினார்களோ அவர் கைதான் தட்டி அனுப்ப வேண்டும். அதுவும் எங்கள் ஸ்டோர் விதி. ஒருவர் வாங்கி இன்னொருவர் அனுப்பினால் குளறுபடி. ஆகவே என்னை வெளியே எடுக்க ஏழு வயதுக் கை ஒன்றுதான் இருக்கிறது. நான் கட்டத்துக்குள் நிற்பதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று தினமும் ஒப்பிக்கிறாள். வாசலில் நின்று அம்மா என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். அந்தக் குரலுக்கு நான் எங்கிருந்தாலும் வந்துவிடுவேன். வந்ததும் தட்டிச் சொல்ல வேண்டும்.

"பாதி வழியில எங்கயும் நிக்கக் கூடாது. என்ன?"

"நிக்க மாட்டேம்மா."

"ரெண்டாவது மாடிப் பூனை?"

"ஒரே ஒரு தடவை தடவிட்டு..."

"ஒரு தடவையும் வேண்டாம். அம்மா வெளியே வந்த பிறகு தடவு" என்று அதட்டினேன். அதட்டியது தாங்காமல், அவள் போனபின் கொஞ்ச நேரம் அழுதேன்.

மேசை போனது. ஃபிரிட்ஜ் போனது, கதவில் கயிறு கட்டி நின்றது. கட்டில் போன இரவிலிருந்து தரையில் படுக்கிறேன். நேற்று முன்தினம் பீரோவும் போய்விட்டது. கூடம் குடிவந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, பெரிதாக, காலியாக. தரகர் சொன்னது சரிதான், நல்ல வெளிச்சம்.

இன்று மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதுவரை ஞாபகம் இருக்கிறது. இப்போது கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கைகள் முழங்கால் மேல். கூந்தலை யாரோ வாரி முடிந்திருக்கிறார்கள். புடவை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. பயமாக இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வருவார்கள் என்று தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் விடும் நேரம். கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஓடித்தான் வருகிறாள், என் கண்ணு. முதல் மாடி தாண்டிவிட்டாள். கப்பி சுழல ஆரம்பித்திருக்கிறது.

ரெண்டாவது மாடியில் செருப்புச் சத்தம் நின்றது.

"வாலு, வாடி" என்று கத்த வாயைத் திறந்தேன். என் வாய், "வருவாங்க" என்றது.