இரண்டு ஜோடிக் கையுறை

எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பதுதான் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தொண்டை கட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு வாயில் புண் வந்து ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. ஈறிலும் மேலண்ணத்திலும் பொடிப்பொடியாகக் கிளம்பி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. 'ட' வருகிற ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஏழு வருஷமாக அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வந்தவள்தான். ஷிப்ட் மாறியதும் வேலை நேரமும் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் நேரமும் இடித்தன. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

தெருமுனைப் பல் டாக்டரிடம் போனபோது படிவத்தில் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் அதைப் படித்ததும், சக்கரம் வைத்த ஸ்டூலைக் காலால் உந்திச் சுவர் வரைக்கும் போனார். போட்டிருந்த கையுறைக்கு மேலேயே இன்னொரு ஜோடி மாட்டினார். அவள் வாயைத் திறந்தாள். மைதானத்தில் கடைசி வரிசை டிக்கெட் வாங்கியவரைப் போல அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இங்க பார்க்க முடியாதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கதவைத் திறந்து, முகமூடியைத் தாடைக்கு இறக்கி, வரவேற்புப் பெண்ணிடம் கத்தினார்: "எச்.ஐ.வி. கேஸ்! சேரை ரெண்டு தடவை துடைங்க!"

காத்திருந்த ஆறு பேரும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். அவள் பார்த்தது டாக்டரின் உதட்டை. ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் வீட்டில் அண்ணி.

"தெரிஞ்சாத்தானே அண்ணி வைத்தியம் பார்ப்பாங்க?"

"தெரிஞ்சுதே. என்ன பார்த்தாரு?"



பெரிய ஆஸ்பத்திரியில் வாய்நோய் பார்க்கும் பெண் டாக்டர் ஒரே ஒரு ஜோடிக் கையுறையோடு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பஞ்சுக்குச்சியால் புண்ணைத் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஹெர்பீஸ்னு ஒரு வைரஸ். பாதிப் பேருக்கு மேல உடம்புல தூங்கிட்டிருக்கும். சின்ன வயசுல யாராவது கொஞ்சி முத்தம் குடுத்தப்பவே வந்திருக்கும். மத்தவங்களுக்கு உதட்டோரமா நாலு கொப்புளம் போட்டுட்டு பத்து நாள்ல போயிடும். உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இறங்கிட்டதால வாய்க்குள்ளயே குடித்தனம் வச்சிருச்சு."

"நாக்கு ஓரத்துல வெள்ளை வெள்ளையா வரி விழுந்திருக்கே?"

"அது வேற வைரஸ். சுரண்டினாலும் போகாது, பெருசா கெடுதலும் பண்ணாது. ஆனா மாத்திரையை நிறுத்தினதைக் காட்டிக் குடுத்துரும். எத்தனை மாசம்?"

"எட்டு."

டாக்டர் திட்டவில்லை. புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் பிரிவுக்குத் தானே போன் போட்டு, அவளுடைய விடுமுறை நாளில் வரும்படி ஏற்பாடு செய்தார்.

"உதட்டோரக் கொப்புளமும் இதே வைரஸா டாக்டர்?"

"பெரும்பாலும் அதேதான்."

அவள் சிரித்தாள். சிரித்தால் புண் உயிர் போகிற மாதிரி வலித்தது. நிறுத்த முடியவில்லை.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. அவள் நேராகப் பல் டாக்டரிடம் போனாள். அன்றும் கூட்டம். அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"என்ன கேஸுன்னு சொல்லிட்டுப் போகத்தான்." மைக் தேவைப்படாத குரல். "ஹெர்பீஸ். அன்னிக்கு உங்க உதட்டுல இருந்துச்சே, அதேதான். எனக்கு ஆறிடுச்சு. உங்களுக்கு?"

டாக்டரின் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. "அது... தெரியும். படிச்சதுதான்."

"பாஸ் பண்ணீங்களா?"

வரவேற்புப் பெண் சிரிப்பை இருமலாக்கினாள்.

"உள்ள வாங்கம்மா, பல்லைப் பார்த்துடலாம்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"வேணாம் டாக்டர். உங்க முன்னாடி வாயைத் திறக்க எனக்குப் பயமா இருக்கு."

படி இறங்கி வேலைக்குப் போனாள். ஆறு பேர் காதில் விழுந்தது அறுபது பேர் வாய்க்குப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுவாரம் நிலையத்து டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் காகிதக் கப்பை நீட்டினார்.

"கிளாஸ்லயே குடுங்கண்ணே."

கொடுத்தார். அவள் நிதானமாகக் குடித்தாள். அவர் அந்தக் கிளாஸை நான்கு முறை கழுவினார். அவள் நின்று பார்த்துவிட்டு, இன்னொரு டீ கேட்டாள்.