ஸ்டீயரிங் இல்லாத வண்டி

சரக்கு ரயில் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று என் தம்பியை வாய் ஓயாமல் கிண்டல் செய்தவள் நான். “தண்டவாளம் போற பக்கம் வண்டி தானா போகுது. நீ எதுக்குடா அங்க, ஈ ஓட்டவா?” என்பேன். லாரி ஓட்டுகிறவள் என்கிற திமிர். சந்து பொந்தெல்லாம் பின்பக்கமாகவே வண்டியை நுழைத்தவளுக்கு அந்தத் திமிர் இருக்காதா என்ன?

ஆனால் வீட்டில் என் மகள் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். பத்து நாள் லோடு முடித்து வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அப்பா, விருந்தாளி வந்தாச்சு!” என்று குரல் கொடுப்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

தம்பி ஓட்டும் நிலக்கரிக் கம்பெனி ரயிலில் உதவி டிரைவர் சீட் வெகுநாளாகக் காலி. காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சேர நினைக்கிறவர்களுக்கு ஒருநாள் என்ஜினில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கொடுப்பார்கள். லாரியை விடுவதா வேண்டாமா என்று பார்த்துவிடலாம் என ஏறினேன்.

உட்கார்ந்ததும் என் கை தானாக ஸ்டீயரிங்கைத் தேடியது. கால் கிளட்சைத் தேடியது. இரண்டுமே இல்லை.

“கைய எங்க வைக்கிறதுன்னு தெரியலயாக்கா? மடியில வச்சுக்க” என்றான் தம்பி. இத்தனை நாள் கிண்டலுக்கு வட்டி வசூல்.

அவன் ஒரு கைப்பிடியை மெல்லத் தள்ளினான். பின்னால் டக் என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு பெட்டியாக இழுபட்டு, அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி அசைந்தது என் காதுக்கு எட்டவே இல்லை. அத்தனையும் நிலக்கரி. என் லாரி மாதிரி நூறு லாரிச் சுமை முதுகுக்குப் பின்னால் வருகிறது, இவன் ஒரு கையால் நகர்த்துகிறான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வீடுகளின் பின்பக்கமாகப் போனோம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று கை காட்டினாள். லாரியைப் பார்த்து யாரும் கை காட்டியதில்லை. கை நீட்டினால் அது திட்டுவதற்குத்தான். நானும் வெட்கமில்லாமல் கையை ஆட்டினேன்.

வளைவு திரும்பியதும் தம்பி ஹாரனை அழுத்தினான். தூரத்தில் கேட் இல்லாத கிராசிங். தண்டவாளத்தின் நடுவே ஒரு லாரி, அசையாமல் நின்றது. தம்பி பிரேக்கை முழுக்க இழுத்தான். சக்கரங்கள் அலறின. வண்டியோ போய்க்கொண்டே இருந்தது. என் உடம்பு முழுதும் இடது பக்கம் சாய்ந்து திரும்பியது, நான் சாய்ந்தால் அந்த ரயிலே ஒதுங்கிவிடும் என்பதுபோல.

“ஏதாவது பண்ணுடா!”

“பண்ணிட்டேன்கா. இனிமே அதுவா நிக்கணும்.”

ஹாரனை மட்டும் அவன் விடவில்லை. லாரி வளர்ந்துகொண்டே வந்தது. உள்ளே இருக்கிறவன் பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை அணைத்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். “முதல் கியர்ல போட்டு செல்ஃப் அடி! கிளட்ச மிதிக்காத!” கியரில் இருந்தால், என்ஜின் பிடிக்காவிட்டாலும் செல்ஃப் மோட்டாரே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும்.

அவனுக்கு அது கேட்டிருக்கவே முடியாது. ஆனாலும் லாரி ஒருமுறை குலுங்கியது. மறுபடி குலுங்கியது. முடமான மாடு மாதிரி நொண்டி நொண்டித் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. அதன் பின்பக்கத்தை உரசாத குறையாக நாங்கள் கடந்தோம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ரயில் நிற்க இன்னும் வெகுதூரம் ஆனது. நின்றதும் அப்படி ஒரு அமைதி. தம்பி வாக்கி டாக்கியில் விஷயத்தைச் சொன்னான். குரலில் ஒரு பிசிறு இல்லை. நூறு லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இவன்தானா என் தம்பி? அவனைப் பார்க்கவே எனக்குப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது.

பிறகு அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகப் பார்த்தான். விரல்கள் வழுக்கின. கை அப்படி நடுங்கியது.

நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். “இதுக்கு முன்னாடி இப்படி ஆனப்ப யாருடா திறந்து குடுத்தாங்க?”

“யாரு இருக்கா? கொஞ்ச நேரம் போனா கை சரியாயிடும்.”

அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து மூடியைத் திருகினேன்.

“நாளைக்கே இந்த சீட்டுக்கு எழுதிக் குடுத்துடறேன்” என்றேன்.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். “எதுக்குக்கா, ஈ ஓட்டவா?”

“ஆமாண்டா” என்றேன்.