நாலுக்குக் கீழே இறங்கிய எண்

ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருக்கும் வெங்கடேஸ்வரிக்கு இரண்டு வருடமாக நெஞ்செரிச்சல். கூடவே வறட்டு இருமல். இசிஜி எடுத்தாயிற்று, இதயத்தில் குறையில்லை. பழி கடைசியில் கணவர் பால்ச்சாமியின் பூண்டுக் குழம்பு மேல் விழுந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாள் முதல் ராஜபாளையம் வீட்டில் அடுப்படி அவர் பொறுப்பு. மனைவிக்காகக் குழம்பை நிறுத்திவிட்டு இட்லியும் மோர்ச்சோறுமாகப் போட்டுப் பார்த்தார். எரிச்சல் குறைந்தபாடில்லை.

“அமிலம்னு நெனச்சு மாத்திரை முழுங்கிட்டே இருக்கீங்க. அது நெசமாவே மேல ஏறுதா, எப்ப ஏறுதுன்னு பாத்துருவோம்” என்றார் ராஜபாளையத்து டாக்டர் ரமீஜா. உள்ளங்கையில் ஒரு சின்னக் கேப்சூலைக் காட்டினார். மயக்கம் கொடுத்து, வாய்வழியாக இறக்கி, உணவுக்குழாயின் அடிப்பக்கச் சுவரில் அதைப் பொருத்துவார்கள். வயரே கிடையாது. உள்ளிருந்து அது அனுப்பும் அமில அளவை, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ரிக்கார்டர் நாலு நாள் பதிந்துகொள்ளும்.

“பொறவு எப்படி வெளிய எடுப்பீய?”

“எடுக்க வேண்டாம். தானா கழண்டு மலத்தோட போயிரும். மாத்திரையை ஒரு வாரம் முந்தியே நிறுத்திருங்க. ரிக்கார்டர்ல சாப்பிட்டா ஒரு பட்டனை அழுத்துங்க, படுத்தா ஒண்ணு, எரிஞ்சா ஒண்ணு.”

“காரம்?” என்று பால்ச்சாமி இழுத்தார்.

“முன்னாடி எப்படிச் சாப்பிட்டாங்களோ அப்படியே குடுங்க. ஒளிச்சுவச்சா என்ன தெரியும்?”

கேப்சூல் பொருத்திய மறுநாள் மத்தியானம் வீடே பூண்டு மணத்தது. சாப்பிட்டு முடித்து, இருவரும் ஓட்டு எண்ணிக்கை பார்ப்பதுபோல ரிக்கார்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலுக்குக் கீழே போனால் அமிலம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலேயே ஆடியது.

“பாத்தியாட்டி, எங்குழம்பு மேல வீணாப் பழி!”

“செத்த பொறுங்க. இன்னும் நாள் கெடக்கு.”

அடுத்த நாள் புரட்டாசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் பந்தோபஸ்து. மலையடிவாரத்தில் தலை தலையாய்த் தெரிந்தது கூட்டம்.

“ஏட்டம்மா, இது என்ன புது வாக்கிடாக்கி?” என்று கேட்டாள் காவலர் பாண்டிசெல்வி.

“எம்வயித்துக்கிட்ட இருந்து பேசுற வாக்கிடாக்கி.”

சரிந்து கிடந்த தடுப்புக் கம்பியைக் குனிந்து தூக்கியபோது நெஞ்சு பற்றி எரிந்தது. பட்டனை அழுத்திவிட்டு எண்ணைப் பார்த்தாள். இரண்டு! காலையிலிருந்து இரண்டு இட்லிக்கு மேல் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அப்புறம் எதனால்?

காவலர் கூடாரத்துக்குள் போய் பெல்ட்டைத் தளர்த்தி உட்கார்ந்தாள். எண் மெல்ல மேலேறியது. மறுபடி பெல்ட்டை இறுக்கி, ஷூ லேஸைக் கட்டுவதுபோல வேண்டுமென்றே குனிந்தாள். எண் சரசரவென்று இறங்க, எரிச்சல் தொண்டைவரை வந்தது. “எரியுது!” என்று சிரித்தாள்.

“எரியுதுன்னுட்டுச் சிரிக்கீய?” பாண்டிசெல்வி குழம்பினாள்.

“எரியுது. அதான் சிரிக்கேன்.”

சோதனை முடிந்து ரமீஜா கணினியில் கோட்டைக் காட்டினார். அங்கங்கே செங்குத்தாகப் பள்ளங்கள். பெரும்பாலும் சனிக்கிழமைப் பணி நேரத்தில். வெங்கடேஸ்வரி பெல்ட் கதையைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

“வயித்தை இறுக்குனா அமிலத்தை மேல தள்ளத்தான் செய்யும். ஆனா பெல்ட் மட்டும் இல்ல. குழாயோட அடிவாசல் தசையும் தளர்ந்திருக்கு. இங்க பாருங்க, சாப்பிட்ட ஒடனே படுத்திருக்கீங்க. பெரிய பள்ளம். உங்களுக்குத் தெரியவே இல்ல, எரிச்சல் பட்டனும் அழுத்தல.”

தனக்குத் தெரியாமலே தனக்குள் நடந்ததை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாக இல்லை. இன்னும் என்னென்ன நடக்கிறதோ என்றுதான் தோன்றியது.

மாத்திரை எடுக்கும் நேரம் மாறியது. இரவுச் சாப்பாடு முன்னுக்கு வந்தது. தையல்காரர் சீருடையின் இடுப்பைப் பிரித்துத் தைத்தார். கொஞ்சம் எடையும் குறைத்தாள். சில மாதத்தில் இருமல் நின்றது, எரிச்சல் எப்போதாவதுதான். பால்ச்சாமி பழையபடி பூண்டு உரிக்கத் தொடங்கினார்.

ஒருநாள் அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் அவள்முன் நின்றார். “என்னம்மா, பெல்ட் இம்புட்டு லூஸா இருக்கு?”

கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்த அந்தக் கோட்டைக் காட்டி அவள் விளக்கினாள். அவர் தம்முடைய இறுகிய பெல்ட்டைக் குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை இருப்பாகளா?”