வடக்குச் சரிவு யாருக்கு

ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் ஒட்டுத்தோல் மாட்டிக்கொண்டு, விடியும் முன்பே செல்கிர்க் மலையில் ஏறத் தொடங்கியவள் டானிஸ். தோழன் கோல்பியுடன் வடக்குச் சரிவின் தலைமாட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபோது, மேலே தடதடவென்று ஹெலிகாப்டர் சுற்றியது.

"வந்துட்டானுங்க பாரு, பணத்திமிரு புடிச்சவனுங்க! நாம காலு ஒடிய ஏறணும், இவனுங்க காபி ஆறுறதுக்குள்ள வந்து எறங்கணும்," என்று பொரிந்தாள் டானிஸ்.

"கத்தாத. குழி என்ன சொல்லுச்சு, அதப் பேசு," என்றான் கோல்பி.

குழி நல்ல சேதி சொல்லவில்லை. பனி நிற்குமா, சரியுமா என்று பார்க்க அதைத் தோண்டியது அவள்தான். முழங்கை ஆழத்தில் கல்லுப்பு மாதிரி ஓர் அடுக்கு. மண்வெட்டியால் தட்டியதும் மேலிருந்த பனி பலகையாக வழுக்கி விழுந்தது. ஆள் இறங்கினால் சரிவு மொத்தமும் அப்படியே பெயர்ந்து வரும். இருந்தும், குளிர்காலம் முழுக்க இந்தச் சரிவுக்காகக் காத்திருந்தவள் அவள். "ஓரமா எறங்கிடலாம்டா" என்று அவனிடம் மல்லுக்கு நின்றாள்.

ஹெலிகாப்டர் உச்சியின் மறு ஓரத்தில் இறங்கியது. மலையேறிகளுக்கான பொது ரேடியோவில் ஒரு பெண்குரல் கரகரத்தது. "அங்க நிக்கிற ரெண்டு பேருக்கு. நான் மார்கோ, காசு கட்டிச் சறுக்க வந்திருக்கிற இவங்களுக்கு வழிகாட்டி. உங்க தடத்த மேலேருந்தே பாத்தேன். முதல்ல வந்தது நீங்க, சரிவு உங்களுது. நீங்க எறங்கினப்புறம் நாங்க வர்றோம். குழி தோண்டினீங்களா?"

டானிஸ் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப் போனது. பனி நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் சரிவு அவளுக்கு. ஆனால் அந்த வார்த்தையை நம்பிப் பின்னால் ஒரு கூட்டமே இறங்கும். கோல்பி ரேடியோவை அவளிடம் நீட்டினான்.

"தோண்டினோம். மோசம்," என்றாள். "தட்டினதும் மொத்தமா வந்துடுச்சு. நாங்களும் எறங்கல."

மறுமுனையில் ஓர் ஆண்குரல் எகிறியது. "யாரோ ஒரு பொண்ணு சொன்னா நாங்க திரும்பிப் போகணுமா?"

"அந்தப் பொண்ணு குழிக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டுப் பேசுது சார். ஹெலிகாப்டர்ல ஏறுங்க," என்றாள் மார்கோ. பிறகு ரேடியோவில், "நன்றிம்மா."

அவ்வளவுதான். குறுக்குக் கேள்வி ஒன்றுகூட இல்லை. படியளக்கிறவர்களின் முறைப்பை வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத ஒருத்தியின் பேச்சை நம்பி, அந்தக் கூட்டத்தையே வேறு மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள் மார்கோ. ஹெலிகாப்டர் புள்ளியாகும்வரை டானிஸ் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன, பணத்திமிருப் பாட்டு நின்னுடுச்சு?"

"அவனுங்கள எப்பவும் திட்டுவேன். அவ வேற ஆளு. மனுஷி."

கீறல் விழாத சரிவுக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே மரங்களுக்கிடையில் இறங்கினாள்.