சுவருக்குள் நான்கு அங்குலம்

சங்கரன்கோவிலில் பத்தடி எட்டங்குல அறை என்று ஒன்று கிடையாது. வீட்டில் உண்டு, பிளானில் கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மனைகள் ஊர் முழுக்க ஒரே லட்சணம்தான். அகலம் பன்னிரண்டடி இரண்டங்குலம், நீளம் மட்டும் ரயில்பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்பதங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் நடுவில் மிஞ்சுவது பத்தடி எட்டங்குலம். மனையடி சாஸ்திரம் அதை ஒப்புக்கொள்ளாது. பத்து நல்லது, பதினொன்று நல்லது, இரண்டுக்கும் நடுவில் தொங்குவது ஆகாது. இருக்கிற இடத்தைப் பத்தாகக் குறைத்துக்கொள்ள எவனுக்கு மனசு வரும்? ஆகவே எல்லோருக்கும் பதினொன்று வேண்டும். மனை நீளுமா? நீளாது. காகிதம் நீளும்.

அந்தக் காகிதத்தை நீட்டுகிற வேலைதான் தேவசுந்தரத்துக்கு, இருபது வருடமாக. லைசென்ஸ் வைத்திருக்கிற கட்டட சர்வேயர் சுந்தரராஜிடம் அவர் பிளான் வரைகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை, ஒரு சாய்மேசை, ஓடினால் கிரீச்சிடுகிற ஒரு ஃபேன். அவர் கைவசம் இருந்த வித்தை எளியது. ஒன்பதங்குலச் சுவரைப் படத்தில் ஏழங்குலமாக மெலிய வைத்துவிடுவார். பக்கத்துக்கு இரண்டங்குலம், ஆக நான்கங்குலம் அறைக்குள் வந்து சேரும். பதினொன்று! வெளி அளவு மாறாது, கூட்டிப் பார்த்தாலும் பிசகாது. மேஸ்திரி அவன் பாட்டுக்கு ஒன்பதங்குலச் சுவரே கட்டிவிட்டுப் போவான். வீட்டுக்காரர் பிளானைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, பதினொரு அடி அறையில் நிம்மதியாகத் தூங்குவார். தேவசுந்தரம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருடைய ஜனம் மட்டும் என்ன யோக்கியம்? குருவானவர் அஸ்திவாரத்தில் ஜெபித்து ஆமென் சொன்ன கையோடு, "பதினொண்ணு வந்திருச்சுல்லா?" என்று இவர் காதைக் கடிக்கிறவர்கள்தான்.

பிறகு பிறகு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் கை பதினொன்றுதான் போட்டது. கடையநல்லூர் மகபூப் பீவி வீட்டில் யாரும் மனையடி கேட்கவில்லை. அந்தம்மாவின் புருஷன் துபாயில் இருந்தார். தபாலில் வந்த பிளானைப் பார்த்து, அறைக்கு அளவாகப் பதினொரு அடியில் ஒரு கம்பளம் வாங்கி அனுப்பிவிட்டார். மகபூப் பீவி மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கம்பளம் செவத்துல ஏறி நிக்கி. என்னன்னு பாருங்க."

"கப்பல்ல வந்ததுல்லா, காத்துக்கு நீண்டிருக்கும்மா," என்றார் தேவசுந்தரம்.

அந்தம்மா அதையும் நம்பிக்கொண்டு போனார். தேவசுந்தரத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேறு பிளான் வந்தது.

இதெல்லாம் போக, மனசை அரித்த விஷயம் ஒன்று இருந்தது. படத்தின் வலது மூலையில் ஒரு கட்டம். அதில் சுந்தரராஜின் கையெழுத்து வாலைச் சுழற்றிக்கொண்டு கிடக்கும். மனையை அளந்தது, கோடு போட்டது, மை ஊற்றியது எல்லாம் தேவசுந்தரம். பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஊரில் அவர் வரைந்தது முந்நூறு வீட்டுக்குக் குறையாது. அதில் ஒன்றையாவது இது நான் போட்ட பிளான் என்று காட்ட அவரிடம் அத்தாட்சி கிடையாது.

அதற்குத்தான் படிப்பு. மதுரையில் ஒரு கல்லூரியில், வேலை பார்க்கிறவர்களுக்கென்று பல்கலைக்கழகம் கட்டட அளவையில் நாலு வருடப் பகுதிநேரப் படிப்பு வைத்திருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. முடித்தால் சொந்தமாக லைசென்ஸ் வாங்கலாம். தேவசுந்தரம் சேரும்போது வயது முப்பத்தொன்பது. கூடப் படித்தவர்கள் முதல் நாள் அவரை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அதுதான் அந்தக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த கடைசி மரியாதை.

நாலு வருடம். சனிக்கிழமை விடியுமுன் பஸ், ராஜபாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ், பாதி நாள் நின்றுகொண்டே. மதிய வகுப்பில் தியோடலைட் என்கிற அளவைக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்தால் மறு கண்ணும் கூடவே மூடிக்கொள்ளும். ஞாயிறு சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறப்பார், திருமங்கலம் வருவதற்குள் புத்தகம் மடியில் கிடக்கும், தலை பக்கத்து ஆள் தோளில் கிடக்கும். ஞாயிறு ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போவது நின்றது. மனைவி ஜெயபாய் பள்ளிக்கூடத்து டீச்சர். ஆராதனையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவளும் அலுத்துப் போனாள்.

"இதுதான் கடைசி வருசம்னு போன வருசமும் சொன்னீங்க," என்பாள்.

"போன வருசம் சொன்னது கணக்குல சேராது. இதுதான் நெசக் கடைசி."

எண்பத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் சுந்தரராஜ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பம்பாயில் இருக்கிற மகளோடு போய் இருக்கப் போகிறாராம். மே மாதத்தோடு ஆபீஸ் இல்லை.

"நீரு பாஸ் பண்ணிட்டீருன்னா போர்டுல பேர மட்டும் மாத்தி எழுதிக்கிடும் வே. இடமும் உமக்கு, வார ஆளும் உமக்கு. இல்லன்னா தென்காசிக்காரன் ஒருத்தன் கேக்கான். பி.இ. படிச்சவன். அவன்ட்ட குடுத்துட்டுப் போயிருவேன். நீரும் அவன்கிட்டயே இருந்துக்கிடும்," என்றார்.

எழுத்துத் தேர்வுகளை ஏப்ரலில் எப்படியோ ஒப்பேற்றினார் தேவசுந்தரம். மிச்சம் ஒரே ஒரு செய்முறை. நிற்கிற கட்டடம் ஒன்றை அளந்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதி, படமாக வரைந்து தர வேண்டும். அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா! நாலு வருடத்தில் முதல் தடவையாக அன்று காலை இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றார்.

கட்டடம், கல்லூரி வாட்ச்மேனின் ஒற்றை அறைக் குடியிருப்பு. கூட எழுதுகிற ஒருவன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வெளி அகலம் 3.71 மீட்டர். சுவர் 23 சென்டிமீட்டர். உள் அகலம் 3.25. குறிப்பேட்டில் சுத்தமாக எழுதிக்கொண்டு மேசைக்கு வந்தார். மற்றவர்கள் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போதே அவர் பாதிப் படம் முடித்துவிட்டார். ஜன்னல், கதவு, நிலைப்படி, எழுத்தெல்லாம் அச்சு மாதிரி. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மூன்று மணி நேரப் பரீட்சையில் ஒரு மணி நேரத்தை மிச்சம் வைத்துக்கொண்டு, களைப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

தேர்வாளருக்கு முப்பது வயதுதான் இருக்கும். படத்தை வாங்கியதும் முகம் மலர்ந்தது.

"எத்தனை வருஷ சர்வீஸ் சார்? கோடு பாத்தாலே தெரியுது."

"இருவது வருசம் சார்."

தேர்வாளர் குறிப்பேட்டைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்புறம் இன்னோர் இடத்தில். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கிற்று.

"புக்குல உள் அகலம் 3.25 எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"படத்துல 3.35 இருக்கு. சுவர் புக்குல இருபத்து மூணு, படத்துல பதினெட்டு. பதினெட்டு சென்டிமீட்டருக்கு எந்தச் சூளையில சார் செங்கல் அறுக்குறாங்க?"

தேவசுந்தரம் குனிந்து பார்த்தார். அவருடைய எழுத்துத்தான். 3.25 என்றால் பத்தடி எட்டங்குலம். 3.35 என்றால் பதினொரு அடி. தலை மீட்டரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது கை சங்கரன்கோவிலில் இருந்திருக்கிறது. வாட்ச்மேன் மனையடி கேட்டானா? கல்லூரி கேட்டதா? யாரும் கேட்காமல், தனக்கே தெரியாமல், பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சுவரைச் சீவி அறைக்குள் தள்ளியிருக்கிறார்.

"தெரியாம வந்திருச்சு சார்," என்றார்.

"கூட்டல் தப்புன்னா ரெண்டு மார்க்கைக் குறைச்சுட்டு விட்டுருவேன் சார். இதுல கூட்டல் கரெக்டா வருது. 3.35, ரெண்டு பதினெட்டு, மொத்தம் 3.71. அதுதான் பிரச்சினையே. தெரியாம செஞ்சா இவ்வளவு சரியா வராது."

தெரியாமல்தான் செய்தேன் என்று எந்தப் பைபிளில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணலாம். ஆனால் அப்படிச் சத்தியம் பண்ணுவது, தெரிந்து செய்தேன் என்பதைவிடக் கேவலம் என்று அந்த நிமிடத்தில் அவருக்கு உறைத்தது. மனையடி கதையை உள்ளபடி சொன்னார். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"உங்க ஊர்ல கையெழுத்துப் போடுறது யாரு?"

"எங்க முதலாளி சார்."

"இதை பாஸ் பண்ணா நாளைக்கு நீங்க போடுவீங்க. உங்க படத்தை நம்பி ஒருத்தன் மேல மாடி எழுப்புவான்." அவர் பேனா மூடியைத் திறந்து சிவப்பு மையில் ஏதோ எழுதினார். "ரொம்ப அழகான டிராயிங் சார். ஆனா இது அந்தக் கட்டடம் இல்லை. அடுத்த ஏப்ரல்ல வாங்க."

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாலு வருடத்தில் கிடைக்காத ஜன்னலோரம். தூக்கம்தான் வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெயபாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிட்டுட்டுப் படுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுந்தரராஜ், பரீட்சையில் கை பதினொன்று போட்ட கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"இதுக்கா வே ஃபெயிலாக்குனான்? இதுக்குத்தான வே இருவது வருசமா உமக்குச் சம்பளம் குடுக்கேன்!"

தேவசுந்தரத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. போய் மேசையில் உட்கார்ந்தார். இசக்கிப்பாண்டி என்கிறவரின் மனை காத்துக் கிடந்தது. பன்னிரண்டடி இரண்டங்குலம், வழக்கம்போல. ஸ்கேலை வைத்தார். சுவர் ஒன்பதங்குலம், இந்தப் பக்கமும் ஒன்பதங்குலம். நடுவில் பத்தடி எட்டங்குலம் என்று எழுதினார். எழுதும்போது கை ஒரு தடவை நின்றது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருந்தது.

கையெழுத்துக்கு வந்த படத்தைப் பார்த்துச் சுந்தரராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வே இது? சாயங்காலம் இசக்கிப்பாண்டி வாரான்."

"மனை அவ்வளவுதான் அண்ணாச்சி."

"மனை எம்புட்டுன்னா கேட்டேன்? பதினொண்ணு போடும்."

"நீங்க போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. நான் போடல."

சுந்தரராஜுக்கு வீம்பு வந்துவிட்டது. மே மாதம் போகிற மனுஷன், போகிற நேரத்தில் ஒரு வரைகிறவனிடம் தோற்கவா? பிளேடை எடுத்து டிரேசிங் தாளில் மையைச் சுரண்டினார். பதினொன்று என்று எழுதினார். அப்புறம் ஸ்கேலை வைத்தார். எடுத்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி வைத்தார். ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கூட்டுனா மனைக்கு வெளியிலல்லா போவுது. இந்த நாலு இஞ்ச நீரு எங்கன வே ஒளிச்சு வப்பீரு?"

தேவசுந்தரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடம், முந்நூறு பிளான், எல்லாவற்றிலும் வாலைச் சுழற்றிய கையெழுத்து. ஒன்றைக்கூட இந்த மனுஷன் கூட்டிப் பார்த்ததில்லை. பார்க்கத் தெரியாதவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. தெரிந்தவனுக்கு அடுத்த ஏப்ரல் இருக்கிறது. ஆபீஸ் தென்காசிக்காரனுக்குப் போகும். போகட்டும். அழுகை தொண்டை வரைக்கும் வந்து, அதுவும் அலுத்துப் போய்த் திரும்பிற்று.

"அத மறக்கத்தான் அண்ணாச்சி, இன்னும் ஒரு வருசம் மதுரைக்குப் போறேன்," என்றார்.

சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த மறுதேர்வு விண்ணப்பத்தை எடுத்தார். இசக்கிப்பாண்டியின் பிளானை ஓரமாக நகர்த்திவிட்டு, அதை மேசையில் விரித்து, முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.