ஒரே ஒரு பிரஜை

வக்கீல் கோவிந்தராஜுலுவிடம் எதற்கும் ஒரே பதில்தான்: "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க." கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி நாக்கு அப்படிப் பழகிவிட்டது. பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி ஆரம்பித்த பிறகு, மோட்டார் கேட்டு வந்த தோட்டக்காரர்களுக்கும் அதேதான் கிடைத்தது. தென்னை காய்ந்தால் அது தென்னையின் தலையெழுத்து.

தொண்ணூற்று நாலில் எந்தப் புண்ணியவான் சிபாரிசோ, மராவோ என்கிற தீவு நாட்டுக்கு அவர் கௌரவத் தூதர் ஆனார். சம்பளம் கிடையாது, காரில் கொடி கட்டிக்கொள்ளலாம். போதாதா? புளி வாங்கப் போனாலும் கான்டெஸா காரில் கொடி பறந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்கு முன்னால் 'மேதகு' ஏறியது. ஒரே குறை, கிளப்பில் மில்காரர்கள், "அப்படியொரு நாடு நெசமாலுமே இருக்குதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோமாஸ் வந்தான். ஜவுளிப் படிப்புக்காக மூன்று வருஷமாகக் கோவையில் இருக்கும் மராவோக்காரன். தூதர் கண்ணால் கண்ட முதல் பிரஜை. ஊரில் அவன் அம்மா சாகக் கிடந்தாள். பாஸ்போர்ட்டோ காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் திருட்டுப் போய்விட்டது. 'இவன் எங்கள் ஆள்தான்' என்று கோவிந்தராஜுலு கையெழுத்துப் போட்டால், டெல்லியில் வேறு பாஸ்போர்ட் கொடுத்துவிடுவார்கள்.

"அம்மா கண்ண மூடறதுக்குள்ள போயிரோணுங்க," என்றான், தான் குடியிருந்த வீட்டுக்காரம்மா பாவாத்தாளிடம் கற்ற தமிழில்.

கோவிந்தராஜுலுவுக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. குமாஸ்தா சாமுவேலைக் கூப்பிட்டு அப்போதே டைப் அடிக்கச் சொன்னார். பேனாவைத் திறந்தபோதுதான், ஞாயிற்றுக்கிழமை மில்காரர் வீட்டுக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினார்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாங்க கண்ணு. ஞாயித்துக்கெழம எங்கூட ஒரு கல்யாணத்துக்கு வா."

கல்யாணத்தில் அவனை முன்வரிசையில் உட்காரவைத்து, "நம்ம நாட்டுக்காரருங்க" என்று எல்லோருக்கும் காட்டினார். சிரித்த மில்காரர்களே எழுந்து வந்து அவனுக்குக் கைகொடுத்தார்கள். ருசி கண்ட பிறகு விட மனசு வருமா? அடுத்து ஆனைமலையில் ஒரு காதுகுத்து, அப்புறம் பவானியில் ஒரு ஜமக்காளக் கடைத் திறப்பு விழா. தோமாஸ் போன இடமெல்லாம் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திரும்பும் வழியில் ஐ.எஸ்.டி. பூத்தில் இறங்கி வீட்டுக்குப் பேசுவான்.

"இன்னும் மூச்சிருக்குதாமுங்க. நான் எப்பங்க போறது?"

"அடுத்த வாரம் கண்ணு."

"அந்தப் பையன் மொகத்தப் பாக்க முடியலீங்கய்யா," என்று சாமுவேல் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் அடுத்த வாரம்தான்.

கிளப் ஆண்டு விழாவன்று தோமாஸ் வரவில்லை. அழைக்கப் போன சாமுவேல் தனியாகத் திரும்பினார். "அவங்கம்மா காலைல போயிட்டாங்களாமுங்க."

தான் செய்தது என்ன என்று கோவிந்தராஜுலுவுக்குப் புரிய வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்தி கேட்ட மாத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். விழாவை விட்டுவிட்டுப் பாவாத்தாள் வீட்டுக்குக் காரை விரட்டச் சொன்னார். சந்துக்குள் கார் நுழையவில்லை. கொடியை அங்கேயே விட்டு நடந்து போனார்.

"இன்னைக்கே கெளம்பு கண்ணு. எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்று காகிதத்தை நீட்டினார்.

தோமாஸ் அதை வாங்கவில்லை. மரியாதையாக எழுந்து, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இனி என்னங்கய்யா அவசரம்? அடுத்த வாரம் பாத்துக்கலாங்க."